சீட்டும் உரையும்

மூலம் எது, உரை எது என்று பிரித்தறிவது தமிழ்க் கல்வியின் முதற்படி. திருக்குறளைக் கற்கும் மாணவன் பரிமேலழகரையும் உடன் கற்கிறான். ஆயினும் பரிமேலழகர் வேறு, வள்ளுவர் வேறு என்பதை அவன் மறப்பதில்லை. மறந்தால் ஆசிரியர் நினைவூட்டுகிறார். இந்தப் பழக்கம் வகுப்பறைக்கு வெளியே எத்துணை தூரம் பயன்படும் என்பதைச் சோதித்துப் பார்க்க எதிர்பாராத துறையொன்று இன்று வாய்த்திருக்கிறது. அதுவே சீட்டுப் பார்த்துக் குறி சொல்லும் துறை.

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கு அருகே, செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் சாஆ. இத்தகைய ஊர்களில் வாழ்வோர் நல்ல நூலொன்றை வாங்கப் பெருநகரம் செல்ல நேர்ந்த காலம் உண்டு. இன்று கைப்பேசி வழியாக ஐரோப்பிய டாரோட் சீட்டுக்கட்டு வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. கட்டுடன் ஒரு சிறு கையேடும் வருகிறது. அதைத் தொடர்ந்து வாங்குமாறு தூண்டும் நூல்களோ எண்ணில. எந்தக் கட்டை வாங்குவது, எந்த நூலைக் கொண்டு கற்பது என்று கேட்கும் இளைஞருக்கு விற்பனையாளர் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: மனத்துக்குப் பிடித்ததை வாங்குக என்பது. புடைவை வாங்குவதற்கு இவ்விடை போதும். மூலபாடம் ஒன்றைத் தேர்ந்துகொள்வதற்கு இது போதுமா என்பதே கேள்வி.

சீட்டு வருங்காலத்தை அறியும் என்பதற்கு நிறுவப்பட்ட சான்று ஏதுமில்லை. இதனை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளல் நலம். ஆயினும் சீட்டு அறியுமா என்ற வினாவோடு செய்தி முடிந்துவிடுவதில்லை. கவலையோடு வந்த ஒருவர் எதிரில் அமர்கிறார். மற்றொருவர் படத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறார். அச்சொல்லைக் கேட்டு ஒரு திருமணம் நின்றுபோகலாம். ஒரு நோயாளி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடலாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் கைமாறலாம். சீட்டுக்கு ஆற்றல் உண்டோ இல்லையோ, சொல்லுக்கு ஆற்றல் உண்டு. எனவே அச்சொல் எவ்வாறு பிறக்கிறது என்பதை ஆராய்வது திறனாய்வாளரின் கடமைகளுள் அடங்கும்.

குறி பார்த்தலும் படித்தலும்

குறி பார்த்தல் தமிழர்க்குப் புதியதன்று. அதனைப் பற்றிய திறனாய்வும் புதியதன்று என்பதைச் சங்க இலக்கியம் காட்டும். தலைவி மெலிகிறாள். காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள், வேலனை அழைக்கிறாள். கட்டுவிச்சி முறத்தில் நெல்லை இட்டு நான்கு நான்காக எண்ணுகிறாள். எஞ்சும் நெல் ஒன்றோ இரண்டோ மூன்றோ ஆயின் முருகனால் வந்த வருத்தம். நான்காயின் வேறு நோய் என்பது உரைகளில் காணும் விளக்கம். இங்கு மாணவர் சற்றே நின்று கணக்கிட வேண்டும். நான்கு முடிவுகளுள் மூன்று முருகனையே சுட்டுகின்றன. எஞ்சிய ஒன்று நோயின் பெயரைச் சொல்வதில்லை. காதல் என்ற விடைக்கு அந்த முறத்தில் இடமே இல்லை. கருவி எதைச் சொல்ல இயலாதோ அதுவே உண்மையாக இருக்கும்போது, எத்துணை முறை எண்ணினாலும் பிழையே விளையும்.

வெறியாட்டைப் பாடியதால் பெயர்பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியார் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். அகநானூற்றின் 22ஆம் பாடலில் வேலன் வெறியாடுகிறான். அன்றிரவு தலைவன் மறைவாக வருகிறான். தலைவியின் நோய் தணிகிறது. நோய் தீர்ந்த பெருமையோ வேலனைச் சேர்கிறது. அதைக் கண்டு தலைவி நகைக்கிறாள். தவறான குறியொன்று பலித்ததுபோல் தோற்றம் தருவது எவ்வாறு என்பதை இதைவிடச் சுருக்கமாக விளக்க இயலாது. குறி கேட்டவர் குணமடைந்தார் என்பது குறி சரியானது என்பதற்குச் சான்றாகாது. இப்பாடத்தைக் கற்றுத் தராத குறிநூல் எதுவும் முழுமையான நூல் அன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குறுந்தொகையின் 23ஆம் பாடலில் ஔவையார் காட்டும் அகவன்மகள் குன்றுகளைப் பாடிக் குறி சொல்ல வருகிறாள். தோழியோ, அவள் பாடிய குன்றுகளுள் தலைவனுடைய குன்றைப் பாடிய பாட்டையே மீண்டும் பாடுமாறு வேண்டுகிறாள். குறி சொல்பவள் அறியாமலே, அவள் பாட்டு உண்மையை வெளிக்கொணரும் வாயிலாகிவிடுகிறது. பிற்காலத்துத் திருக்குற்றாலக் குறவஞ்சியில் திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த சிங்கி, வசந்தவல்லியின் கையைப் பார்ப்பதோடு நில்லாமல் அவள் மறுமொழியையும் மெய்ப்பாட்டையும் கண்டே காதல் நோயை உரைக்கிறாள். வேலனுக்கு ஒரே விடை. சிங்கிக்கு எதிரில் இருப்பவளே ஏடு.

சைவ மரபில் கயிறு சாத்திப் பார்த்தல் என்றொரு வழக்கமும் உண்டு. திருமுறை ஏட்டுக்கட்டில் கயிற்றைச் செலுத்தி, அகப்பட்ட ஏட்டைப் பிரித்துப் படிப்பது அது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டாரின் வரலாற்றில், மகப்பேறின்றி வருந்திய அச்சுத களப்பாளருக்காகச் சகலாகம பண்டிதர் இவ்வாறு பார்த்தபோது, சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகப் பாடல் வந்தது என்று கூறப்படுகிறது. அங்குள்ள முக்குளத்தில் நீராடுவோர் பெறும் பேற்றை அப்பாடல் வெளிப்படையாகவே சொல்கிறது. ஏட்டைத் தேர்ந்தது கயிறு. பொருளை உணர்த்தியது பாடல். பாடலை உணர்ந்திருந்தவர் பண்டிதர். இம்மூன்றையும் குழப்பிக்கொள்ளாத தெளிவு அவ்வழக்கத்தில் இருந்தது. டாரோட் கற்போருக்குத் தேவைப்படுவதும் அத்தெளிவே.

மூன்று மூலங்கள்

டாரோட் கட்டில் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகள். எஞ்சிய 56 சீட்டுகளும் கோல், கிண்ணம், வாள், நாணயம் என்னும் நான்கு இனத்தவை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இக்கட்டு பிறந்தபோது, அது ஆடுவதற்கு உரிய சீட்டாகவே இருந்தது. மிலான் நகரப் பெருங்குடியினருக்காகத் தீட்டப்பட்ட விஸ்கோந்தி ஸ்ஃபோர்சா கட்டு இன்றும் காணக் கிடைக்கிறது. 1781இல் அந்துவான் கூர் த ஜெபலன் என்னும் பிரெஞ்சு அறிஞர், இச்சீட்டுகள் பண்டை எகிப்தியரின் மறைநூல் என்று எழுதினார். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் வழியே அன்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆயினும் அக்கதை இன்றும் பல கையேடுகளின் முதற்பக்கத்தில் இடம்பெறுகிறது. நூலைத் தேர்பவருக்கு இஃது எளிய சோதனை. எகிப்துக் கதையை உண்மை வரலாறாகக் கூறும் நூலைக் கண்டவுடனே ஒதுக்கிவிடலாம். தோற்றத்தில் பொய் சொல்லும் நூல் பொருளில் மெய் சொல்லும் என்று நம்புவதற்குக் காரணமில்லை.

இன்று கிடைக்கும் கட்டுகள் பல நூறாயினும், அவற்றுள் பெரும்பாலானவை மூன்று மூலங்களின் வழிவந்தவை. முதலாவது மார்செய் கட்டு. இதில் பெருஞ்சீட்டுகளுக்குப் படம் உண்டு. ஐந்து கிண்ணம் என்னும் சீட்டிலோ ஐந்து கிண்ணங்கள் மட்டுமே இருக்கும். இது நூற்பாவைப் போன்றது. சுருக்கமும் செறிவும் உடையது. எண்களின் இயல்பையும் இனங்களின் இயல்பையும் இணைத்துப் பொருள்கொள்ளும் பயிற்சி இல்லாதவருக்கு வாய் திறவாதது.

இரண்டாவது, 1909இல் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட்டார். பமேலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண் ஓவியர் வரைந்தார். 56 சிறு சீட்டுகளுக்கும் மனிதர் நடமாடும் காட்சிகளைத் தீட்டியதே இக்கட்டின் பெருமை. ஐந்து கிண்ணம் என்னும் சீட்டில் கறுப்புப் போர்வை அணிந்த ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். அவர் முன்னே மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. பின்னே இரண்டு கிண்ணங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அப்பால் ஓர் ஆறும், அதைக் கடக்க ஒரு பாலமும், மறுகரையில் ஒரு கட்டடமும் உள்ளன. இஃது உள்ளுறை அமைந்த அகப்பாட்டைப் போன்று, கருப்பொருள்களாலேயே உரிப்பொருளை உணர்த்துகிறது.

மூன்றாவது தோத் கட்டு. அலிஸ்டர் குரோலியின் கருத்துக்கேற்ப, ஃபிரீடா ஹாரிஸ் 1938க்கும் 1943க்கும் இடையே வரைந்தது. வண்ணமும் வடிவமும் கண்ணைக் கவரும். ஆயினும் யூதரின் மறைஞானம், சோதிடம், இரசவாதம் ஆகியவற்றை அறியாதவருக்கு அதன் குறியீடுகள் திறவா. சித்தர் பாடலின் பரிபாஷையைப் போல, வழிகாட்டும் ஆசான் இன்றி நுழைபவரை அது மருட்டும். அழகைக் கண்டு இதனை முதற்கட்டாக வாங்குவோர், தம்மை அறியாமலே உரைக்கு அடிமையாகின்றனர்; மூலத்தை அவர்களால் தாமே படிக்க இயலாது.

ஆகவே தொடங்குவோருக்கு உரியது இரண்டாவது மூலமே. அல்லது, அதன் வழிவந்ததும் எல்லாச் சீட்டுகளிலும் காட்சியுடையதுமான ஒரு கட்டு. காரணம் அது சிறந்த ஞானம் உடையது என்பதன்று. உரையின் துணையின்றியும் ஓரளவு படிக்க இடம் தருகிறது என்பதே. கையேட்டை மூடிவைத்துவிட்டுச் சீட்டைப் பார்க்கும்போது பத்து வாக்கியம் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். முடியாத கட்டு தொடக்கநிலைக்கு ஏற்றதன்று.

ஆறு வாள் என்னும் சீட்டைச் சான்றாகக் கொள்ளலாம். ஓடக்காரன் ஒருவன் ஓடத்தைச் செலுத்துகிறான். முக்காடிட்ட ஒருத்தியும் ஒரு குழந்தையும் முதுகு காட்டி அமர்ந்திருக்கின்றனர். ஆறு வாள்கள் ஓடத்தில் குத்தி நிற்கின்றன. ஒருபுறம் நீர் அலைகிறது. மறுபுறம் அமைதியாக உள்ளது. சுருக்கக் கையேடு இதற்குப் பயணம் என்று ஒரு சொல் தரும். ரஜூலா கப்பலில் வந்திறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்படத்தில் காண்பது அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குமா? 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்காகச் சிங்கப்பூர் செல்லும் தாய், தன் பிள்ளையை நினைத்து இச்சீட்டை எடுத்தால் அதில் எதைக் காண்பாள்? வாள்களும் ஓடத்திலேயே வருகின்றன என்பதை அவள் கவனிக்கக்கூடும். விட்டுவந்த துயரம் உடன்வந்த துயரமாகவும் இருக்கிறது என்று அவளே சொல்லக்கூடும். அவ்வாறு அவள் சொல்லும்போது, குறி சொல்பவரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

உரைநூல்களின் தரம்

வெயிட் தம் கட்டுக்குத் தாமே உரை எழுதினார். படங்களுடன் 1911இல் வெளிவந்த பிக்டோரியல் கீ டு தி டாரோட் என்னும் அந்நூல் பெருஞ்சீட்டுகளை விரித்துரைக்கிறது. சிறு சீட்டுகளுக்கோ சில வரிகளே தருகிறது. அவற்றோடு சேர்த்த பலன்களுள் பல, முந்தைய நூல்களிலிருந்து திரட்டியவை. ஸ்மித்தின் படத்தோடு பொருந்தாதவையும் உண்டு. ஆயினும் ஐந்து கிண்ணத்துக்கு உரை கூறும்போது, இழப்பு என்பதோடு நில்லாமல் எஞ்சியிருப்பதும் ஒன்றுண்டு என்று வெயிட் சுட்டுகிறார். பிற்காலச் சுருக்கக் கையேடுகள் எஞ்சியதை விட்டுவிட்டு இழப்பை மட்டும் கைக்கொண்டன. உரையைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது நம்பிக்கைதான் போலும். துயரோடு வந்தவரிடம் இழப்பு என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லி அனுப்புபவர், பின்னே நிற்கும் இரண்டு கிண்ணங்களையும் பாலத்தையும் மறைத்தவராகிறார்.

தமிழாசிரியர்க்கு இந்நோய் நன்கு பழக்கமானது. செய்யுளைப் படிக்காமல் குறிப்புரையை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவன் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. தேர்வில் அவன் இழப்பது சில மதிப்பெண்களே. அதே பழக்கத்தோடு குறி சொல்ல அமர்ந்தால் இழப்பவர் எதிரில் இருப்பவர். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது பெரிது.

நல்ல உரைநூல்கள் இல்லாமல் இல்லை. ரேச்சல் பொல்லாக் 1980இலும் 1983இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட செவன்டி எய்ட் டிகிரீஸ் ஆஃப் விஸ்டம் என்னும் நூல் ஒவ்வொரு சீட்டையும் படமாகக் கொண்டு விளக்குகிறது. மேரி கிரீர் 1984இல் எழுதிய டாரோட் ஃபார் யுவர் செல்ஃப் கற்போரையே எழுதவும் வினவவும் பழக்கும் பயிற்சி நூல். வரலாற்றுக்கு மைக்கேல் டம்மெட்டின் தி கேம் ஆஃப் டாரோட் என்னும் 1980ஆம் ஆண்டு நூல் அடிப்படை. மெய்யியல் பேராசிரியரான அவர் இச்சீட்டுகளின் ஆட்ட வரலாற்றைச் சான்றுகளோடு நிறுவினார். வரலாறு ஒன்று, படவிளக்கம் ஒன்று, பயிற்சி ஒன்று என மூன்று நூல்கள் போதும். பத்துக் கட்டுகள் வாங்குவதைவிட ஒரு கட்டும் ஒரு குறிப்பேடும் கொண்டு, நாள்தோறும் ஒரு சீட்டைப் பார்த்துத் தன் சொற்களில் எழுதுவதே கற்றலாகும்.

படம் வரைந்தவரைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பெரிய வேலையொன்றைச் சிறிய கூலிக்குச் செய்து முடித்ததாக ஸ்மித் 1909இல் கடிதமொன்றில் குறிப்பிட்டார். நெடுங்காலம் அக்கட்டு வெளியீட்டாளர் பெயராலும் வெயிட்டின் பெயராலுமே வழங்கியது. 1951இல் ஸ்மித் மறைந்தபோதும் அந்நிலை மாறவில்லை. உரையாசிரியர் பெயர் நிலைத்து மூலத்தைப் படைத்தவர் பெயர் மறைந்த வரலாற்றுள் இதுவும் ஒன்று. அவர் பெயரை அட்டையில் இட்ட பதிப்பையே தேர்வது நன்றிக்கடன்.

அயலும் அகமும்

இனி, தமிழ்க் கற்போர் எழுப்பும் நியாயமான வினா ஒன்றுண்டு. மாதாகோயிலும் இத்தாலிய வீரரும் நிறைந்த படங்கள் எதற்கு? இந்தியத் தெய்வங்களை வரைந்த டாரோட் கட்டுகளும் விற்பனையில் உள்ளனவே, அவை பொருத்தமல்லவா? பார்வைக்கு அவ்வாறே தோன்றும். ஆனால் பெயர்மாற்றம் மொழிபெயர்ப்பு ஆகாது. மரணச் சீட்டில் எமனையும் வலிமைச் சீட்டில் துர்க்கையையும் ஒட்டிவிட்டால், இரண்டு கதைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மேலும், தெய்வப் படத்தைக் கண்டவுடன் கை குவிகிறது. படிக்கும் கண் மூடிக்கொள்கிறது. கடுமையான பொருளுடைய சீட்டில் வணங்கும் தெய்வம் இருந்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லவும் நாக்கு எழாது.

தமிழ்ச் சீட்டு வேண்டுவோர் தேட வேண்டிய இடம் வேறு. கிளி சோதிடரின் சீட்டுக்கட்டு அது. பொதுவாக 27 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தெய்வம் அல்லது புராணக் காட்சி. புத்தரும் மேரியன்னையும் இடம்பெறும் கட்டுகளும் உண்டு. கிளி எடுத்துத் தரும் சீட்டைக் கொண்டு சோதிடர் கதை சொல்கிறார். காட்டிலிருக்கும் இராமர் வந்தால் அலைச்சலும் அதன் முடிவும், முருகர் வந்தால் போரும் வெற்றியும் எனக் கதையே பொருளைத் தருகிறது. இது பிறமொழிக் கட்டின் நகலன்று. தனக்கென மூலமும் உரைமரபும் உடையது. ஆனால் அதன் உரை வாய்மொழியாகவே வாழ்கிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கிளியைப் பிடித்து அடைப்பது குற்றமாதலின், அங்கே இத்தொழில் அருகி வருகிறது. கிளி விடுதலை பெறுவது நன்றே. கிளியோடு கதைகளும் பறந்துபோக வேண்டியதில்லை.

2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, சிங்கப்பூரின் மணி என்னும் கிளி உலகச் செய்தியாயிற்று. இரு நாட்டுக் கொடிகளை வைத்தால் வெல்லும் கொடியை அது எடுக்கும் என்றனர். காலிறுதி நான்கும் சரியாக அமைந்தன. இறுதிப் போட்டிக்கு அது நெதர்லாந்தை எடுத்தது, வென்றதோ ஸ்பெயின். கொடிச் சீட்டில் படிப்பதற்கு ஏதுமில்லை. ஒன்றை எடுப்பது மட்டுமே உண்டு. கதையுள்ள சீட்டையும் கொடியுள்ள சீட்டையும் ஒப்பிட்டால், குறிமரபின் மதிப்பு எடுப்பதில் இல்லை, படிப்பதில் உள்ளது என்பது விளங்கும்.

சீனர் கோயில்களில் குச்சிகளைக் குலுக்கி, விழுந்த குச்சியின் எண்ணுக்குரிய பாடலைப் பெறும் வழக்கம் உண்டு. குவான் யின் வழிபாட்டில் வழங்கும் பாடல்கள் 100. பாடலும் அதன் விளக்கமும் ஒரே தாளில் அச்சிட்டுத் தரப்படுகின்றன. பெற்றவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சாஆ போன்ற பல்லின ஊர்களில் வாழும் தமிழ் மாணவர்க்கு இவ்வழக்கம் எட்டாத ஒன்றன்று. மூலத்தையும் உரையையும் கேட்பவர் கையிலேயே கொடுத்துவிடும் அந்நேர்மை டாரோட் பயில்வோரும் பின்பற்றத்தக்கது. சீட்டைக் கேட்பவர் பக்கம் திருப்பிவைத்து, அவர் முதலில் காண்பது என்ன என்று வினவுவதே அதற்கு வழி.

ஆதலின் தேர்வு முறை எளியது. உரையின்றியும் படிக்க இடம்தரும் காட்சிகள் உடைய கட்டையும், பார்க்கக் கற்பிக்கும் நூலையும், வரலாற்றில் பொய்யுரைக்காத நூலையும் தேர்ந்துகொள்க. ஒரு சீட்டுக்கு ஒரு பலன் என்று அட்டவணை தருவதைத் தொடக்கத்திலேயே விலக்குக. மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் கேட்க வேண்டியதைச் சீட்டிடம் கேட்க விடாதிருக்கக் கற்பிக்கும் நூல் கிடைத்தால் அதனைப் போற்றுக.

தமிழ்ப் பள்ளிகளில் பணியாற்றுவோர் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. ஊரின் மூத்தோருள் கிளிச்சீட்டுக் கதைகளைக் கேட்டு நினைவில் வைத்திருப்போர் இருக்கக்கூடும். அவர்களிடம் மாணவரை அனுப்பி, சீட்டு வாரியாக அக்கதைகளை எழுதி வாங்கலாம். எந்தப் படத்துக்கு எந்தக் கதை, எந்தக் கதைக்கு எந்த ஆறுதல் சொல்லப்பட்டது என்று தொகுத்தால், இதுவரை எழுதப்படாத உரைநூலொன்று தமிழுக்குக் கிடைக்கும்.